இறுதியாண்டுக் கண்காட்சியும் அதற்குப் பிறகும்: கலை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, வீடியோ, நிறுவல் (ஓர் இடத்தையே படைப்பாக அமைப்பது) என்று எந்தத் துறையில் படித்தாலும் கடைசி ஆண்டில் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கண்காட்சி சில நாள்களில் முடிந்துவிடும். அதற்காக எடுத்த புகைப்படங்கள், எழுதிய குறிப்பு, தயாரித்த விலைப்பட்டியல் ஆகியவைதான் அடுத்த சில ஆண்டுகளுக்கு உங்கள் சார்பில் பேசும். ஆகவே இங்கே பாதி சுவரைப் பற்றியும் பாதி காகிதத்தைப் பற்றியும் இருக்கும்.

தயாரிப்பை எப்போது தொடங்க வேண்டும்?

திறப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒன்பது மாதத்துக்கு முன் எந்தத் தொடர் படைப்புகளைக் காட்டப்போகிறோம் என்பது ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் காட்சியிடத்தின் அளவுகள் கையில் இருக்க வேண்டும்: சுவர்களின் நீள உயரம், கதவு, ஜன்னல், மின் இணைப்புப் புள்ளிகள், சுவர் செங்கலா, கான்கிரீட்டா, ஜிப்சம் பலகையா என்பது உட்பட. கடைசி ஆறு வாரங்களில் புதிய படைப்பு எதையும் தொடங்காமல் இருப்பது நல்லது. அந்த ஆறு வாரமும் ஃப்ரேம், புகைப்படம், லேபிள், அச்சு வேலை என்று கரைந்துவிடும்.

பொருள்களுக்கும் அவற்றின் சொந்த நேரம் உண்டு. அதை அவசரப்படுத்த முடியாது. எண்ணெய் வண்ணம் மெல்லிய அடுக்காக இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும். இறுதி வார்னிஷ் பூச ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை காத்திருப்பதே வழக்கம். தடித்த பூச்சுக்கு அதற்கும் மேல். அதற்குள் காட்ட வேண்டுமென்றால் தற்காலிக வார்னிஷ் மட்டும் போதும். தடிமனான களிமண் சிற்பம் உள்ளே வரை உலர வாரங்கள் ஆகும். ஈரத்தோடு சூளையில் ஏற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடிக்கும். பக்கத்தில் இருக்கும் மற்ற மாணவர்களின் வேலையும் சேர்ந்து போகும். தவிர, கடைசி மாதத்தில் சூளைக்கும் அச்சு இயந்திரத்துக்கும் ஃப்ரேம் செய்பவருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசை கட்டுவார்கள்.

எத்தனை படைப்புகளை வைக்கலாம்?

நினைத்ததைவிடக் குறைவாக. ஐந்து மீட்டர் சுவரில் 90 செ.மீ அகலமுள்ள மூன்று ஓவியங்கள் தாராளமாகப் போதும். கணக்கு இப்படி: மூன்றும் சேர்ந்து 270 செ.மீ. மிச்சம் 230. நடுவில் இரண்டு இடைவெளிகளுக்குத் தலா 50 கொடுத்தால் இரண்டு ஓரங்களிலும் தலா 65 கிடைக்கும். நான்காவது ஓவியத்தை நுழைத்தால் மிச்சம் 140. அதை ஐந்து இடைவெளிகளாகப் பிரித்தால் தலா 28 செ.மீதான். தனித்தனி ஓவியங்களாகப் பார்க்க வேண்டியவை அந்த நெருக்கத்தில் ஒரே பட்டையாகத் தெரியும். சிறு ஓவியங்களைக் கொத்தாக வைப்பது வேறு விஷயம். அங்கே நெருக்கம் வேண்டியே செய்யப்படுகிறது, 5 முதல் 10 செ.மீ இடைவெளிகூடப் போதும்.

எதை விடுவது என்பதுதான் கடினம். "இதற்காக நான்கு மாதம் உழைத்தேன்" என்பது ஒரு படைப்பை வைப்பதற்குக் காரணம் ஆகாது. பார்ப்பவருக்கு அந்த நான்கு மாதம் தெரியப்போவதில்லை. காட்சியிடத்தின் மாதிரியை 1:20 அளவில் தடித்த அட்டையில் செய்துகொள்ளுங்கள். நான்கு மீட்டர் சுவர் அதில் 20 செ.மீ வரும். படைப்புகளின் படங்களை அதே விகிதத்தில் அச்சிட்டு வெட்டி, நிரந்தரமாக ஒட்டும் பசையால் அல்லாமல் எடுத்து ஒட்டக்கூடிய பசையால் வைத்துப் பாருங்கள். கைபேசியை அந்தச் சிறிய வாசலில் வைத்து ஒரு படம் எடுத்தால், உள்ளே வருபவர் கண்ணில் முதலில் என்ன படும் என்பது தெரிந்துவிடும். முதலில் படுவது உங்கள் சிறந்த படைப்பாக இல்லாமல் பெயர்ப்பலகையாகவோ தீயணைப்புக் கருவியாகவோ இருந்தால் இடம் மாற்ற வேண்டும்.

ஓவியத்தை எந்த உயரத்தில் மாட்டுவது?

ஓவியத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 155 செ.மீ உயரத்தில் இருப்பது பல அருங்காட்சியகங்களும் கேலரிகளும் பின்பற்றும் அளவு. இடையில் ஒன்றை, உதாரணமாக 150-ஐ, தேர்ந்துகொண்டு எல்லாச் சுவருக்கும் அதையே வையுங்கள்.

ஆணி அடிக்க வேண்டிய உயரத்துக்கான கணக்கு: மைய உயரம் + ஓவியத்தின் பாதி உயரம் − மேல் விளிம்பிலிருந்து கம்பி தொங்கும் ஆழம். ஓவியம் 80 செ.மீ உயரம், கம்பி மேல் விளிம்புக்கு 8 செ.மீ கீழே நிற்கிறது என்றால் 150 + 40 − 8 = 182 செ.மீ. இதில் தவறு நேர்வது கடைசி எண்ணில்தான். கம்பி தளர்வாகக் கிடக்கும்போது அளந்தால் கணக்கு பிசகும். கொக்கி பிடிக்கும் இடத்தில் விரலால் மேல்நோக்கி இறுக இழுத்து, அப்போது அளக்க வேண்டும். இரண்டு கொக்கிகளில் மாட்டுவதானால் இரண்டு விரலால், அதே இடைவெளியில் இழுங்கள்.

பின்பக்கம் டி வடிவ வளையங்களைச் சட்டத்தின் மேலிருந்து நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில், இரு பக்கமும் ஒரே மட்டத்தில் திருகுங்கள். மிகக் கீழே திருகினால் ஓவியத்தின் மேல்பக்கம் சுவரைவிட்டு முன்னால் சாயும். ஒரே கொக்கியில் தொங்கும் ஓவியம் கதவு அதிரும் ஒவ்வொரு முறையும் சற்றே நகர்ந்து கோணும். இரண்டு கொக்கி போட்டால் அந்தத் தொல்லை இல்லை. கனமான வேலைக்குக் கம்பியே வேண்டாம், இரு வளையங்களையும் நேராக இரண்டு திருகாணிகளில் மாட்டிவிடலாம்.

செங்கல், கான்கிரீட் சுவருக்கு டிரில் துளையும் பிளக்கும் (துளைக்குள் செருகித் திருகாணியை இறுகப் பிடிக்கும் உறை) திருகாணியும் வேண்டும். ஜிப்சம் பலகையில் சாதாரணப் பிளக் நிற்காது. உள்ளே விரியும் வகைப் பிளக்கைப் பயன்படுத்துங்கள், அல்லது பலகைக்குப் பின்னுள்ள சட்டம் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்து அதில் திருகுங்கள். கொக்கி, பிளக், கம்பி மூன்றும் படைப்பின் எடையைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தாங்கக்கூடியவையாக இருக்கட்டும். இரட்டைப் பக்க டேப்பை நம்பி எதையும் இரவு முழுக்கத் தொங்கவிடாதீர்கள். ஈரப்பதம் ஏறும்போது அது விடும்.

விளக்கு அமைப்பை எப்படிச் சரிபார்ப்பது?

கூரை விளக்கின் ஒளி செங்குத்துக்கோட்டிலிருந்து சுமார் 30 பாகை கோணத்தில் ஓவியத்தின் மேல் விழ வேண்டும். விளக்கு சுவருக்கு மிக அருகே வந்தால் ஃப்ரேமின் நிழல் ஓவியத்தின்மேல் நீளும், கேன்வாஸின் ஒவ்வொரு மேடுபள்ளமும் துருத்தித் தெரியும். மிகத் தள்ளிப்போனால் பார்ப்பவரின் நிழல் விழும், கண்ணாடியில் பளபளப்பு அடிக்கும்.

பல்புகள் எல்லாம் ஒரே வகையாக இருக்கட்டும். ஒளியின் நிறச்சாயலைச் சொல்லும் கெல்வின் அளவு 3000 முதல் 4000 வரை, நிறம் காட்டும் திறன் எண் (CRI) 90-க்கு மேல் உள்ள எல்இடி பொருத்தம். ஒரு பல்ப் மஞ்சளாகவும் அடுத்தது நீலமாகவும் இருந்தால் சாம்பல் நிறங்கள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். நீர்வண்ணம், காகிதம், துணி ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியின் அளவு), எண்ணெய் மற்றும் அக்ரிலிக்குக்கு 200 லக்ஸ் வரை என்பது அருங்காட்சியக வழக்கம். சில நாள் கண்காட்சியில் அவ்வளவு கறார் தேவையில்லை. ஆனால் காகித வேலையை நேர்வெயில் விழும் சுவரில் மாட்டுவது தவறு.

வீடியோ, ஒலி, புராஜெக்டர் வேலைகளில் எது அதிகம் சொதப்பும்?

மின்சாரத்தைவிட அமைப்புகள்தான். பல தொலைக்காட்சிகள் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால் நான்கு மணி நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். அந்த அமைப்பை முதலில் நிறுத்துங்கள். மின்சிக்கன முறை பிரகாசத்தைக் குறைக்கும், அதையும் நிறுத்துங்கள். கோப்பை எம்பி4 வடிவில், எச்.264 முறையில், 1920 × 1080 அளவில் தயாரித்தால் பெரும்பாலான கருவிகளில் ஓடும். யுஎஸ்பியிலிருந்து ஓட்டும்போது ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கருவியின் மெனு ஒரு நொடி எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். எட்டிப் பார்த்தால், வீடியோவையே பல முறை தொடராக ஒட்டி ஒரே நீளமான கோப்பாக்கலாம். மடிக்கணினியிலிருந்து ஓட்டுவது கடைசி வழி. புதுப்பிப்பு அறிவிப்பு எப்போது திரையில் குதிக்கும் என்று சொல்ல முடியாது.

புராஜெக்டர் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பது அதன் வீச்சு விகிதத்தை (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்த எண்) பொறுத்தது. விகிதம் 1.5, படம் 2 மீட்டர் அகலம் வேண்டும் என்றால் 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். மாட்டுவதற்கு முன்பே இந்தப் பெருக்கலைப் போடுங்கள். இடம் போதாதென்று அன்று தெரிந்தால் வேறு புராஜெக்டர் தேடத்தான் நேரம் இருக்கும்.

ஒலி பக்கத்து மாணவரின் படைப்புக்குள்ளும் புகும். இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோன் வைத்தால் இரண்டு வையுங்கள். ஒன்று நிச்சயம் பழுதாகும். கோப்பின் இரண்டு நகல்கள், தனித்தனிக் கருவிகளில். காட்சியிடத்தைக் காவல் காப்பவருக்காக எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது என்று ஒரே பக்கத்தில் எண்ணிட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். லேபிளில் ஓடும் நேரத்தையும் போடுங்கள். அது மூன்று நிமிடமா, நாற்பது நிமிடமா என்று தெரிந்தால்தான் நிற்பதா போவதா என்று பார்ப்பவர் முடிவெடுப்பார்.

லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும்?

பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. இந்த வரிசையிலேயே. அளவில் முதலில் உயரம், பிறகு அகலம், சிற்பமானால் கடைசியில் ஆழம். "60 × 90 செ.மீ" என்று எழுதினால் அது கிடைமட்ட ஓவியம். மாற்றி எழுதினால் அச்சடிப்பவரும் ஃப்ரேம் செய்பவரும் செங்குத்தாக எடுத்துக்கொள்வார்கள்.

ஊடகம் என்ற இடத்தில் "கலப்பு ஊடகம்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதீர்கள். "காகிதத்தில் கரி, தேநீர்க் கறை, பருத்தி நூல்" என்றால் பார்ப்பவர் இன்னொரு முறை உற்றுப் பார்ப்பார். எழுத்து குறைந்தது 18 புள்ளி அளவு, லேபிளின் மையம் 120 முதல் 140 செ.மீ உயரத்தில். சக்கர நாற்காலியில் வருபவரும் படிக்கலாம். எல்லா லேபிளையும் ஒரே பக்கத்தில் (வலப்பக்கம் என்றால் வலப்பக்கம்) ஒரே தூரத்தில் ஒட்டுங்கள்.

கலைஞர் குறிப்பு எழுதவே வரவில்லை. எப்படி ஆரம்பிப்பது?

பேசி ஆரம்பியுங்கள். நண்பர் ஒருவர் உங்கள் படைப்பின் முன் நின்று மூன்று கேள்வி கேட்கட்டும்: இது எதனால் ஆனது, எப்படிச் செய்தாய், ஏன் இப்படி? பதிலைக் கைபேசியில் பதிந்து எழுத்தாக்குங்கள். அதில் முக்கால்வாசி குறிப்பு இருக்கும்.

நாம் அதிகம் பார்க்கும் முதல் வரி இப்படிப்பட்டது: "என் படைப்புகள் காலம், நினைவு, அடையாளம் ஆகியவற்றுக்கு இடையிலான உறவை ஆராய்கின்றன." இதை எந்த மாணவரின் சுவரிலும் ஒட்டலாம், அதுதான் அதன் குறை. இதற்கு மாறாக: "பயன்படுத்திய பேருந்துச் சீட்டுகளைக் கூழாக்கி மீண்டும் தாளாக்குகிறேன். எழுத்துகள் அழிந்தாலும் மையின் நிறம் தாளில் தங்கிவிடுகிறது. அந்த நிறத்தை மட்டும் வைத்துத்தான் இந்தப் பன்னிரண்டு தாள்களை வரிசைப்படுத்தியிருக்கிறேன்." நினைவு என்ற சொல்லே இதில் இல்லை. ஆனாலும் விஷயம் வந்து சேர்கிறது.

சுவருக்கு 150 முதல் 200 சொல் போதும். கூடவே 50 சொல்லில் ஒன்றும், விண்ணப்பங்களுக்காக 300 சொல்லில் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். தத்துவவாதிகளின் பெயரைச் சேர்க்கலாமா என்றால், அந்தப் பெயரை எடுத்துவிட்டால் குறிப்பு விழுந்துவிடுமா என்று பாருங்கள். விழாவிட்டால் எடுத்துவிடுங்கள். விழுந்தால், வாயால் விளக்கச் சொல்லும் கேள்விக்கும் தயாராக இருங்கள்.

படைப்புகளை நானே புகைப்படம் எடுக்கலாமா?

தாராளமாக. ஒரு நாள் முழுக்க ஒதுக்கினால் போதும். அதைத் திறப்பு விழா அன்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

தட்டையான படைப்புக்கு: ஓவியத்தைச் செங்குத்தாக மாட்டி, முக்காலியில் கேமராவை வைத்து, லென்ஸின் மையம் ஓவியத்தின் மையத்துக்கு நேராக வரும்படி உயர்த்துங்கள். முழுச்சட்ட கேமராவானால் (35 மி.மீ ஃபிலிம் அளவு உணரி உள்ளது) 50 முதல் 85 மி.மீ லென்ஸ். அகலக்கோண லென்ஸ் விளிம்புகளை வளைத்துவிடும். ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/8, இரண்டு நொடி டைமர். ஒரே மாதிரியான இரண்டு விளக்குகள் இடமும் வலமும் 45 பாகையில், சம தூரத்தில். அறையின் மற்ற விளக்குகளை அணைத்து ஜன்னலை மூடுங்கள். பகல்வெளிச்சமும் பல்ப் வெளிச்சமும் கலந்தால் நிறத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் சுத்தமாகப் பிரிக்க முடியாது. முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையை ஓவியத்தின் முன் பிடித்து எடுங்கள். வெண்மைச் சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைத் திருத்துவது) அதை வைத்தே சரிசெய்யலாம். ஒரு வெள்ளைத்தாளை நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்து, ஒரு மூலை இருண்டால் விளக்கை நகர்த்துங்கள்.

பளபளப்பான பரப்புதான் பெரிய தலைவலி. வார்னிஷ் பூசுவதற்கு முன்பே, கண்ணாடி போடுவதற்கு முன்பே படம் எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதற்குப் பிறகென்றால் லென்ஸிலும் விளக்குகளிலும் பளபளப்பை வெட்டும் போலரைசர் வடிகட்டி வேண்டும்.

சிற்பத்துக்கு வெளிர் சாம்பல் பின்னணி, ஒரு பக்க விளக்கு பலமாகவும் மறுபக்கம் மென்மையாகவும். குறைந்தது மூன்று கோணம், ஒரு நெருக்கக் காட்சி. நிறுவலுக்குக் காலியான இடத்தோடு ஒன்று, ஒரு மனிதர் நிற்க ஒன்று. மனிதர் இல்லாவிட்டால் அதன் அளவே புரியாது. நிகழ்த்துகலையில் வேலை செய்பவர்கள் புகைப்படக்காரருக்கு எந்த நொடி முக்கியம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் படங்கள்தாம் பிறகு மிஞ்சுபவை.

மூலக்கோப்பை டிஃப் வடிவில் சேமித்து, இணையத்துக்கு நீண்ட பக்கம் 2000 பிக்சல் உள்ள ஜேபெக், எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பில். ஏ4 தாளில் முழுப்பக்கமாக அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 2480 × 3508 பிக்சல் தேவை. கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயர், தலைப்பு, ஆண்டு மூன்றும் இருக்கட்டும். "கடைசி_புதுசு_2" என்ற பெயரில் வரும் கோப்பை யாரும் தேடி எடுக்க மாட்டார்கள்.

விலை வைப்பது எப்படி?

சந்தையில் இன்னும் பெயரில்லாதவருக்கு விலை என்பது உணர்ச்சிக் கணக்காக இருக்கக்கூடாது. ஒரு சூத்திரம் வேண்டும், அதைக் கேட்பவரிடம் விளக்க முடிய வேண்டும். இரண்டு சூத்திரங்கள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, பரப்பளவை ஒரு வீதத்தால் பெருக்குவது. மற்றது, உயரத்தையும் அகலத்தையும் கூட்டி ஒரு வீதத்தால் பெருக்குவது. வித்தியாசத்தைப் பாருங்கள்: 30 × 30 செ.மீ ஓவியத்துக்கும் 90 × 90 செ.மீ ஓவியத்துக்கும் பரப்பளவு முறையில் ஒன்பது மடங்கு விலை வித்தியாசம் (900, 8100). கூட்டல் முறையில் மூன்று மடங்குதான் (60, 180). பெரிய ஓவியங்கள் வரைபவர் பரப்பளவு முறையைப் பிடித்துக்கொண்டால் பெரியவை விற்கமுடியாத விலைக்கு ஏறும், சிறியவை கேலிக்குரிய விலைக்கு இறங்கும். அதனால் தொடக்கத்தில் கூட்டல் முறையே எங்கள் தேர்வு.

வந்த எண்ணைச் செலவோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்: பொருள் செலவு, ஃப்ரேம், வேலை செய்த மணிநேரம். கேலரிகள் விற்பனையில் 40 முதல் 50 சதவீதம் வரை கழிவு எடுப்பது சாதாரணம். அதைக் கழித்த பிறகும் பொருள் செலவு மீள வேண்டும். முக்கியமாக, ஒரே ஓவியத்துக்குக் கேலரியில் ஒரு விலையும் நேரில் வாங்குபவருக்குப் பாதி விலையும் சொல்லாதீர்கள். தெரிந்த அன்றே கேலரி உங்களைக் கைவிடும், ஏற்கெனவே முழு விலை கொடுத்தவரும் சும்மா இருக்க மாட்டார். விலையை ஏற்றுவது எளிது, இறக்குவது மிகக் கடினம். ஆகவே சற்று அடக்கமாகவே ஆரம்பியுங்கள். விற்க மனமில்லாத படைப்பு இருந்தால் "விற்பனைக்கு அல்ல" என்று எழுதிவிடுங்கள். யாரும் வாங்காதபடி எட்டாத விலை போடுவது பட்டியலின் மற்ற எண்களையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

அச்சுப்பிரதிகளுக்கு எண்ணிடுவது எப்படி?

பென்சிலில், படத்துக்குக் கீழே: இடப்பக்கம் எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்தும் ஆண்டும். 3/10 என்றால் பத்துப் பிரதிகளில் மூன்றாவது. கலைஞருக்கான பிரதிகளைத் தனியாகக் குறிக்க வேண்டும். அவை மொத்தத்தில் பத்து சதவீதத்தையொட்டி இருப்பது வழக்கம். பத்து என்று எழுதிவிட்டுப் பதினொன்றாவதை அச்சிடுவது வாங்கிய எல்லோரையும் ஏமாற்றுவது. டிஜிட்டல் அச்சுக்கும் புகைப்படத்துக்கும் இதே நியாயம்தான்.

கேலரி ஒன்று படைப்பைக் கேட்கிறது. எழுத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

விற்றால் பணம், விற்காவிட்டால் படைப்பு திரும்பும் என்ற முறையில்தான் பெரும்பாலும் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் இவை இல்லாமல் படைப்பை ஒப்படைக்காதீர்கள்: படைப்புகளின் பட்டியல் (அளவு, விலையோடு), கழிவு சதவீதம், தள்ளுபடி கொடுத்தால் அது யார் பங்கிலிருந்து போகும், விற்றபின் எத்தனை நாளில் பணம், எந்தத் தேதியில் திரும்ப வரும், போக வர வண்டிச்செலவு யாருடையது, சேதமானால் யார் பொறுப்பு. ஒப்படைக்கும் அன்று படைப்பின் நான்கு மூலையையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து, இருக்கும் கீறல்களைக் குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட நிலை அறிக்கை ஒன்றும் வேண்டும். சேதம் எங்கே நேர்ந்தது என்ற சண்டையில் அந்தத் தாள் மட்டுமே பேசும்.

படைப்பை விற்பதால் காப்புரிமை (அதை நகலெடுத்து வெளியிடும் உரிமை) கைமாறுவதில்லை. 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில் காப்புரிமை பதிவு செய்யாமலே உருவாகும். பொதுவாகப் படைத்தவர் வாழும் காலமும் அதன்பின் குறைந்தது 50 ஆண்டும் நீடிக்கும். வாங்கியவர் அதைச் சுவரில் மாட்டலாம். நாள்காட்டியில் அச்சிட்டு விற்க உங்களிடம் கேட்க வேண்டும். இதே விதி உங்களுக்கும் பொருந்தும்: இணையத்திலிருந்து எடுத்த வேறொருவரின் புகைப்படத்தை அப்படியே பார்த்து வரைந்து விற்பது சிக்கலில் கொண்டுபோய் விடும்.

படைப்பை எப்படிப் பொதி கட்டுவது?

அக்ரிலிக் பரப்பிலோ வார்னிஷ் பரப்பிலோ குமிழ்த்தாள் நேரடியாகப் படக்கூடாது. வெயிலில் வண்டி நிற்கும்போது குமிழ்கள் வண்ணத்தில் வட்ட வட்டமாகப் பதிந்துவிடும். முதலில் வழுவழுப்பான கிளாசின் தாள், அதன்மேல் குமிழ்த்தாள் (குமிழ்ப்பக்கம் வெளியே பார்க்க), மூலைகளுக்கு அட்டைக் காப்பு, பிறகு இரு பக்கமும் கெட்டி அட்டை. டேப்பின் நுனியை மடித்து விடுங்கள், பிரிப்பவர் கத்தியைத் தேட மாட்டார். கேன்வாஸைச் சுருட்ட நேர்ந்தால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி, அகன்ற குழாயில். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நசுங்கி மடிப்பு விழும்.

திறப்பு நாளில் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் படைப்பை மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கேட்டால் சொல்ல மூன்று வாக்கியம், தொடர்பு அட்டை, பார்வையாளர் பதிவேடு. விலைப்பட்டியல் வேறொருவர் கையில் இருந்தால் பேரம் உங்களிடம் வராது. விற்றதற்குச் சிவப்புப் புள்ளி, ஒதுக்கி வைத்ததற்குப் பாதிப் புள்ளி. ஒதுக்கியதற்கு ஒரு கெடுநாள் சொல்லிவிடுங்கள்.

ஆசிரியர்கள் எங்கே தலையிட வேண்டும்?

தேர்விலும் பயிற்சியிலும். மாட்டும் வேலையில் கூடாது. மூன்று மாதத்துக்கு முன் எல்லாப் படைப்புகளையும் ஓர் அறையில் சாய்த்து வைத்து ஒரு ஒத்திகை நடத்துங்கள். மாணவர் முதல் பத்து நிமிடம் பேசாமல் இருக்க, மற்றவர்கள் தாங்கள் பார்ப்பதை மட்டும் சொல்லட்டும். விளக்கம் தராமலே படைப்பு எவ்வளவு தூரம் போகிறது என்பது அங்கே தெரியும். விலைப்பட்டியல், ஒப்பந்தம், ரசீது ஆகிய மூன்றையும் மாணவர் தம் கையால் தயாரித்து மதிப்பெண் பெறும்படி பாடத்தில் சேர்ப்பது இன்னும் பயனுள்ளது. கண்காட்சி நாளின் நெருக்கடியில் ஆசிரியரே சுத்தியலை எடுத்துவிட்டால் மாணவர் அடுத்த கண்காட்சியிலும் யாரையாவது எதிர்பார்ப்பார்.

போர்ட்ஃபோலியோவும் தன்விவரமும் எப்படி இருக்க வேண்டும்?

10 முதல் 15 படங்கள், 10 எம்பிக்குள் அடங்கும் ஒரு பிடிஎஃப். பலமானது முதலில், அடுத்த பலமானது கடைசியில். முதல் ஆண்டு நிலைப்பொருள் ஓவியத்துக்கு அதில் இடமில்லை. கலைஞரின் தன்விவரம் அலுவலக வேலைக்கானது போலன்று: கல்வி, கண்காட்சிகள் (புதியது மேலே), விருது, தங்கிப் படைக்கும் திட்டங்கள் (ரெசிடென்சி), வெளியீடுகள். பட்டியல் ஒரு பக்கத்தை எட்டாவிட்டால் மிச்ச இடத்தை வெள்ளையாக விடுங்கள். பொழுதுபோக்கை எழுதி நிரப்ப வேண்டாம்.

ஓவியம் விற்று மட்டும் வாழ முடியுமா?

முதல் சில ஆண்டுகளில் பெரும்பாலோரால் முடியாது. அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாமல் திட்டத்தில் சேர்ப்பதே நல்லது. கண்காட்சி மாட்டும் தொழில்நுட்பப் பணி, ஃப்ரேம் செய்தல், ஓவியப் பாதுகாப்பு உதவியாளர், புத்தக ஓவியம், மேடை அமைப்பு, அருங்காட்சியகக் கல்விப் பிரிவு, அச்சுப்பட்டறை என்று கலைப் படிப்பு நேரடியாக உதவும் வேலைகள் பல. இவற்றுள் மாட்டும் பணியை நாங்கள் உயர்வாகவே சொல்வோம். சம்பளத்தோடு நூற்றுக்கணக்கான படைப்புகளின் பின்பக்கத்தையும் பார்க்கலாம், கண்காட்சிகளைத் தேர்ந்து அமைக்கும் கியூரேட்டர்களும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகுவார்கள். எந்த வேலையானாலும் வாரத்தில் படைப்புக்கென்று இரண்டு அரைநாளாவது தொடாமல் வையுங்கள்.

தங்கிப் படைக்கும் திட்டங்களுக்கும் போட்டிகளுக்கும் விண்ணப்பிக்கும்போது ஓர் அட்டவணை வைத்திருங்கள்: கடைசித் தேதி, கேட்ட படங்கள், அனுப்பிய குறிப்பின் எந்தப் பதிப்பு, முடிவு. மறுப்புக் கடிதம் வந்தால் அதே விண்ணப்பத்தைச் சிறிது திருத்தி அடுத்த இடத்துக்கு அனுப்பலாம். விதிகளில் ஐந்து படம் கேட்டிருக்க ஏழு அனுப்பியவர்களின் விண்ணப்பம் நடுவர் கண்ணில் படும் முன்பே ஒதுக்கப்படலாம்.

மோசடிகளை எப்படி அடையாளம் காண்பது?

இரண்டு வகை அடிக்கடி வரும். முதலாவது, முன்பின் தெரியாத ஒருவர் மின்னஞ்சலில் ஓவியத்தைப் புகழ்ந்து, விலையைக்கூடப் பேசாமல் வாங்குவதாகச் சொல்வார். விலையைவிட அதிகத் தொகைக்குக் காசோலை அனுப்பி, மிச்சத்தை "வண்டிக்காரருக்கு" அனுப்பிவிடுங்கள் என்பார். நீங்கள் அனுப்பிய பணம் போய்ச் சேர்ந்த பிறகு காசோலை திரும்பும். பணம் உண்மையிலேயே கணக்கில் சேர்ந்ததை வங்கி உறுதிசெய்யும் வரை எதையும் அனுப்பாதீர்கள், எந்த மீதியையும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, சுவரை வாடகைக்கு விடும் கேலரி. "உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்" என்ற கடிதத்தின் மூன்றாவது பத்தியில் பங்கேற்புக் கட்டணம் இருக்கும். அவர்களின் வருமானம் உங்களிடமிருந்து முன்பே வந்துவிடுவதால் விற்றுக்கொடுக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு இல்லை. விண்ணப்பப் பரிசீலனைக்கான சிறு கட்டணம் வேறு, சுவருக்கான பெரிய கட்டணம் வேறு. இன்னொன்று, "பணம் இல்லை, ஆனால் பெயர் கிடைக்கும்" என்ற அழைப்பு. அதற்குப் போவதானால் யார் யார் பார்க்க வருவார்கள் என்று பெயரோடு கேளுங்கள்.

கண்காட்சி முடிந்ததும் என்ன வேலை மிச்சம்?

சுவர்த் துளைகளை நிரப்பு பசையால் அடைத்து, முழுக்கக் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, பிறகே வண்ணம் பூசுங்கள். காய்வதற்கு முன் பூசினால் அந்த இடம் குழிந்துவிடும். விசாரித்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் பதில் அனுப்புங்கள். அதன்பின் யாருக்கும் நினைவிருக்காது.

ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து (ஆண்டு, அதன்பின் எண்: 2025-07 போல) ஓர் அட்டவணையில் தலைப்பு, ஊடகம், அளவு, விலை, இப்போது எங்கே இருக்கிறது, யார் வாங்கினார் என்று பதியுங்கள். அதே எண்ணைப் பின்பக்கச் சட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள். கேன்வாஸின் பின்புறத்தில் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தெரியும். திரும்பி வந்த ஓவியங்களைப் படுக்க வைத்து அடுக்காமல், முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு என்று செங்குத்தாக, இடையில் அட்டை கொடுத்து நிறுத்துங்கள். தரையிலிருந்து 10 செ.மீயாவது உயர்த்திய பலகையில், ஈரம் ஊறும் வெளிச்சுவரை ஒட்டாமல்.